கணுக்கால் உயரம்

கதவு முழங்கால் உயரத்துக்கு இறங்கி வந்ததும் நின்றது. எதையோ யோசிப்பது போலக் கொஞ்ச நேரம் அப்படியே தொங்கியது. பிறகு மோட்டார் முனகிக்கொண்டே அதை மறுபடி மேலே இழுத்துக்கொண்டு போனது.

காருக்குள் இருந்தவன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். சந்து வெறிச்சோடிக் கிடந்தது. காலை வெயில் கராஜின் சிமெண்டுத் தரையில் நீளமாக விழுந்து பின் டயரைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. குறுக்கே பூனை இல்லை, காற்றில் உருண்டு வந்த காகிதம்கூட இல்லை. ரிமோட்டை மறுபடி அமுக்கினான். கதவு இறங்கியது, அதே இடத்தில் நின்றது, மேலே போனது. அடுத்த தடவை முழுசாக இறங்கி மூடிக்கொண்டது. வெளிச்சம் ஒரு கோடாகச் சுருங்கி அணைந்தது. அப்பாடா என்று சாய்ந்தான். பக்கத்து வீட்டுக்காரர் யாரும் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவனுக்கு அதுதான் பெரிது. சொந்த வீட்டுக்குள் திருடனைப் போல நுழைகிறவனுக்கு வேறென்ன தோன்றும்?

வேலை போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. சரக்குக் கிடங்கில் சூப்பர்வைசராக இருந்தவன். புதிதாக மெஷின்கள் வந்தன, ஆட்களைக் குறைத்தார்கள், குறைத்தவர்களில் அவனும் ஒருவன். தினமும் அவனுக்கு வணக்கம் வைக்கும் காவலாளியையே துணைக்கு அனுப்பி வாசல்வரை கொண்டுபோய் விடச் சொன்னார்கள். அந்த மனிதர் வழியெல்லாம் அவன் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி நடந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அந்தக் குனிந்த தலையை நினைத்தால் இன்றைக்கும் அவன் காது மடல் சூடாகிவிடும்.

அன்று மாலையே மனைவியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டும் என்றுதான் வந்தான். வந்து பார்த்தால் வீட்டுப் பின்புறம் ஒரே கலகலப்பு. தானியங்கிக் கதவு மாட்டும் தொழில் செய்யும் மச்சான், அக்கா வீட்டுக்கு என் பரிசு என்று சொல்லி ஏணிமேல் ஏறி நின்று மோட்டாரை மாட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க அத்தான், உங்களுக்குத்தான் காத்திருக்கோம். குனிஞ்சு பாருங்க. ரெண்டு பக்கமும் கணுக்கால் உயரத்துல ரெண்டு கண்ணு இருக்கா? இது ஒளிய அனுப்பும், அது வாங்கிக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. நடுவுல குழந்தையோ நாய்க்குட்டியோ வந்துட்டா வாங்குற கண்ணுல இந்தப் பச்சை லைட்டு அணைஞ்சிடும். கதவு உடனே மேல போயிடும். யாரையும் நசுக்காது."

"எங்க வீட்டுக்காரர் கிடங்குல இதைவிடப் பெரிய கதவெல்லாம் இருக்குடா, அவருக்கே பாடம் நடத்துற" என்று மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இருந்த பெருமை அவன் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கியது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று மென்று விழுங்கினான். மறுநாள் காலை அவள் சாப்பாட்டு டப்பாவை நீட்டினாள். வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். அவ்வளவுதான். முதல் பொய்க்கு யோசிக்கவேண்டும். பிறகு அது தானாகவே நடக்கும்.

வீட்டு முகப்பு தெருவைப் பார்த்து இருக்கும். பின்னால் சின்ன முற்றம், முற்றத்தின் கோடியில் கராஜ். கராஜின் பெரிய கதவு பின்சந்தில் திறக்கும். சந்து நெடுக வரிசையாகக் கராஜ்கள்தான், எந்த மோட்டார் எந்த வீட்டுடையது என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. முற்றத்துப் பக்கம் ஒரு சின்னக் கதவும் உண்டு. மனைவி வீட்டிலிருந்தே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். அவளுடைய தையல் மிஷின் ஓடத் தொடங்கியதும் அவன் ஊரைச் சுற்றிவிட்டுச் சந்து வழியாக வந்து, காரை உள்ளே விட்டு, கதவை இறக்கி, இருட்டில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பான். மிஷின் நின்றால் அவனும் மூச்சை அடக்குவான். இருமல் வந்தால் சட்டைக் கையை வாயில் திணித்துக்கொள்வான். அவள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை, அவள் பேச்சுச் சத்தம் கேட்கும் தூரத்தில், அவளுக்குத் தெரியாமல் தின்பான். ஒவ்வொரு கவளமும் கூசியது. கூசினாலும் பசித்தது.

கதவு நின்று நின்று போவது வழக்கமாகிவிட்டது. கதவோரக் கண்கள் இரண்டையும் துணியால் துடைத்தான். நேருக்கு நேர் திருப்பி வைத்தான். பயனில்லை. காலையில் அவன் உள்ளே வந்ததும் கதவு பாதியில் நிற்கும், மேலே போகும், அடுத்த தடவை மூடிக்கொள்ளும். ஏதோ ஒன்று வாசலைத் தாண்டும்வரை கதவு பொறுத்திருப்பது போல.

அப்படி ஒரு நினைப்பு வந்த நாளில்தான் பக்கக் கண்ணாடியைக் கீழே சாய்த்து வைத்தான். கும்மிருட்டில் அந்தப் பச்சைப் பொட்டு மட்டும் கண்ணாடியில் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கதவு மூடித்தான் இருந்தது. சந்தில் ஒரு வண்டி போய் மறைந்தது. எங்கோ குழாய் சொட்டியது. காரின் சூடான இரும்பு டிக், டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது. பச்சைப் பொட்டு அணைந்தது.

மின்சாரம் போய்விட்டதோ என்று பார்த்தான். தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

பொட்டு மறுபடி எரிந்தது. கொஞ்ச நேரத்தில் காரின் பின்பக்கம் மெல்ல அமுங்கியது. யாரோ டிக்கிமேல் கையை ஊன்றிக்கொண்டது போல. பிறகு மெல்ல நிமிர்ந்தது. நாள்பட்ட பூ ஜாடித் தண்ணீரைக் கீழே கொட்டினால் வருமே ஒரு வாடை, அது ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்தது.

கத்தியிருக்கலாம். கதவைத் திறந்துகொண்டு முற்றத்துக்கு ஓடியிருக்கலாம். முற்றத்தில் அவள் இருப்பாள். இந்த நேரத்தில் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்பாள். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். கார்க் கதவுகளைப் பூட்டிக்கொண்டு, கண்களை மூடிக்கொண்டு, மடியில் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

இரண்டொரு நாள் கழித்து, மத்தியானம், மிஷின் நின்றது. காரிலிருந்து இறங்கிச் சின்னக் கதவின் இடுக்கில் கண்ணை வைத்தான். பகலில் அவனுக்கு இருந்த ஒரே ஆறுதல் அந்த இடுக்குதான். மனைவி ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டாள். நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டாள். இடுப்பில் செருகியிருந்த ஃபோனை எடுத்தாள். அவன் சட்டைப்பை அதிர்ந்தது.

"சாப்டீங்களா?" அந்தக் குரல் காதுக்குள்ளும் கேட்டது, பலகைக்கு அந்தப் பக்கமும் கேட்டது.

"ம். இப்பத்தான்."

"ஏன் இப்படிக் கிசுகிசுன்னு பேசுறீங்க?"

"மீட்டிங்ல இருக்கேன்மா. அப்புறம் கூப்பிடறேன்."

"சரி சரி, வெச்சிடறேன்." அவள் கொடியில் கிளிப்பைச் செருகுவது தெரிந்தது. "பக்கத்துல யாரு? உடம்பு சரியில்லையா அவருக்கு? இப்படி மூச்சு வாங்குறாரு?"

அவன் மூச்சை நிறுத்தினான்.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது அவளே பேச்சை எடுத்தாள். "பகல்ல கராஜ்ல ஏதோ சத்தம் கேக்குதுங்க. யாரோ இருமுற மாதிரி. தேய்ச்சுக்கிட்டு நடக்குற மாதிரி. தனியா இருக்கப் பயமா இருக்கு."

இருமியது நான் என்று சொல்லிவிட ஒரு வார்த்தை போதும். "தையல் மிஷின் சத்தம் காதுலயே இருக்கும். பிரமை" என்றான். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவள் உடனே நம்பிவிட்டாள். "அப்படித்தான் இருக்கும்" என்று தன்னைத்தானே கடிந்துகொண்டு அவனுக்கு இன்னும் கொஞ்சம் பரிமாறினாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சானை வரவழைத்தான். மச்சான் கதவுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து இறக்கிப் பார்த்தான். கட்டையைத் தொட்டதும் கதவு மேலே போனது. கண்களுக்கு நடுவே விளக்குமாற்றை ஆட்டினான், போனது. எதுவும் இல்லாமல் இறக்கினான், சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு அத்தான்."

"சும்மாவே மேல போகுதேடா."

"சும்மா போகாது. குறுக்க ஏதாவது இருந்தாத்தான் போகும்." சொல்லிக்கொண்டே மச்சான் குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்தான். பெரிய கதவிலிருந்து சுவரோரமாக, பழைய பீரோவுக்குப் பின்னால்வரை, தூசி ஒரு ஆள் அகலத்துக்குத் துடைத்தது போல இருந்தது. பீரோ இடுக்கில் காய்ந்த சோற்றுப் பருக்கைகள். "யாரோ இங்க வந்து உக்காந்து சாப்பிடுறாங்க போல இருக்கே?"

பருக்கைகள் அவனுடையவை. காரில் சிந்தியதைத் துடைத்துக் கீழே போட்டிருந்தான். பீரோவுக்குப் பின்னால் அவன் போனதே இல்லை.

"எலியா இருக்கும்" என்றான். "தூசி, நான் ஒரு மூட்டையை இழுத்ததுல போனது, போன வாரம்."

"நான் வேணா ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டுமா? அக்கா பயப்படுறா."

"வேண்டாண்டா. உனக்கு வேலை இல்லையா?" அந்த வார்த்தையை உச்சரிக்கும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது.

மனைவி வாசலில் நின்றபடி மெதுவாகச் சொன்னாள். "பிரமைன்னு சொன்னீங்கல்ல? இன்னிக்குக் காலையிலயும் இருமல் கேட்டுச்சு. நீங்க முன்னாடி தெருவுல காரைக் கழுவிட்டு இருந்தீங்க."

சின்னக் கதவுக்கு முற்றத்துப் பக்கமாக ஒரு தாழ்ப்பாள் மாட்டச் சொன்னான். மச்சான் மாட்டினான். யார் தட்டினாலும் திறக்காதே என்று மனைவியிடம் சொன்னான்.

திங்கட்கிழமை அவன் கராஜ் பக்கமே போகவில்லை. ஒரு பெரிய மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் போய் உட்கார்ந்தான். அங்கே உட்கார்ந்திருப்பவனை ஏன் இருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள், "யாருக்குங்க முடியல?" என்று பரிவாக விசாரித்தாள். "மனைவிக்கு" என்றான். வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு எழுந்து போய்க் குழாயில் வாயைக் கொப்பளித்தான்.

செவ்வாயும் அங்கேயேதான். அன்று சாயங்காலம் வீட்டுக்குள் வந்தபோது வீடு வேறு மாதிரி இருந்தது. அவள் அழுதிருந்தாள், ஆனால் முகம் தெளிந்திருந்தது. கை கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள், தட்டு வைத்துப் பரிமாறினாள். பக்கத்தில் உட்கார்ந்து, ரொம்ப நாளாகச் செய்யாத ஒன்றாக, அவன் தலையைக் கோதினாள்.

"வேலை போனா என்னங்க? உயிரா போச்சு?"

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னாவா?" அவள் சிரித்தாள். கண்ணில் மறுபடி நீர் கோத்துக்கொண்டது. "நீங்கதானே சொன்னீங்க, மத்தியானம். அந்தச் சின்னக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு. கொஞ்சமாவா அழுதீங்க? முகத்தைப் பார்த்துச் சொல்ல வெக்கமா இருக்குன்னு சொன்னப்ப எனக்கு நெஞ்சே ஆடிப்போச்சு. இத்தனை நாளா அங்கயா உக்காந்திருந்தீங்க, பாவி மனுஷா?"

இப்போது சொல்லவேண்டும். அது நான் இல்லை என்று. நான் மத்தியானம் இங்கே இல்லவே இல்லை என்று. வாயைத் திறந்தான். அவள் விரல்கள் அவன் தலைமுடிக்குள் இருந்தன. ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். அவனால் சொல்ல முடியாததை, அவன் குரலிலேயே, அவனுக்காக அழுதே, ஏதோ ஒன்று சொல்லி முடித்துவிட்டது. மன்னிப்பும் வாங்கிவிட்டது. இனி அவன் செய்யவேண்டியது தலையாட்டுவது மட்டும்தான்.

"ஆமா" என்றான்.

சொன்ன மாத்திரத்தில் உடம்பெல்லாம் கூசியது. வேலை போனதற்கு, பொய் சொன்னதற்கு, இருட்டில் ஒளிந்து தின்றதற்கு எல்லாம் பட்ட வெட்கம் ஒரு பக்கம். இந்த ஒரு வார்த்தைக்கான வெட்கம் ஒரு பக்கம். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"கதவைத் திறக்கட்டுமான்னு கேட்டேனே, ஏன் வேண்டாம்னீங்க? நாளைக்குத் திறன்னு சொன்னீங்க. அதென்ன நாளைக்கு? நல்ல நேரம் பார்த்தா வருவாங்க வீட்டுக்குள்ள?"

அவள் கேலி செய்துகொண்டே சமையலறைக்குப் போனாள். காலையில் தானே போய் முடித்துவிட்டு வந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். முடித்துவிட்டு என்றால் என்னத்தை என்று அவனுக்கே தெரியவில்லை.

"ஒரு சின்ன வேலை. போயிட்டு வந்துடறேன். கராஜ் பக்கம் போகாதே" என்று காலையில் சொன்னான்.

"அங்க எனக்கென்ன வேலை, நீங்கதான் இனிமே அங்க இல்லையே" என்று அவள் சிரித்துக்கொண்டே வழியனுப்பினாள்.

சந்தில் காரை நிறுத்திவிட்டு, டிக்கியிலிருந்து டயர் கழற்றும் இரும்புக் கம்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தன் கராஜ் கதவையே பார்த்தபடி உட்கார்ந்தான். இறங்கவேண்டும். கால் வரவில்லை. சந்தில் ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் போகட்டும் என்று காத்திருந்தான். ஒரு வண்டி வந்தது. அதுவும் போகட்டும் என்றிருந்தான். யாராவது பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது என்ற அந்தப் பழைய கூச்சம் அவனை இருக்கையோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருந்தது. வெயில் சுவரின் பாதிக்கு இறங்கிவிட்டது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினான். ரிமோட்டை அமுக்கினான். கதவு உயர்ந்தது. குனிந்து உள்ளே போனான். அது சந்துக்குத் தப்பி ஓடிவிடக்கூடாது என்று திரும்ப அமுக்கினான்.

கதவு இறங்கியது.

நிற்கவில்லை. தயங்கவில்லை. ஒரே மூச்சில் தரையைத் தொட்டு மூடிக்கொண்டது.

பச்சைப் பொட்டு ஆடாமல் அசையாமல் எரிந்தது.

இருட்டில் கம்பியை ஓங்கியபடி நின்றான். காது கொடுத்தான். மூச்சு கேட்கவில்லை. பீரோவுக்குப் பின்னால் கம்பியை விட்டுக் குத்தினான். சுவரில் இடித்தது. அந்த வாடை இல்லை. காற்று சுத்தமாக இருந்தது. ஜன்னல் திறந்து வைத்த அறை போல. ஒரு நொடி சந்தோஷம்கூட வந்தது. போய்விட்டது. தொலைந்தது.

எங்கே போனது?

தையல் மிஷின் ஓடவில்லை.

சின்னக் கதவைத் தள்ளினான். முற்றத்துப் பக்கம் தாழ் போட்டிருந்தது. திறந்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறாள். கதவுக்கு இந்தப் பக்கம், வாசற்படியில், ஒரு தட்டு. துடைத்து நக்கியது போல வழித்துச் சாப்பிட்ட தட்டு. இடுக்கில் கண்ணை வைத்தான்.

வெயிலில் முற்றம் கண்ணைக் கூசவைத்தது. கொடியில் ஒரு பெரிய வெள்ளைப் போர்வை ஈரத்தோடு தொங்கியது. அவள் போர்வைக்கு இந்தப் பக்கம், அவனுக்கு முதுகைக் காட்டி நின்று, அதன் முனையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம்தான் அந்தப் பக்கமே நிப்பீங்க?" என்றாள் போர்வையைப் பார்த்து. "வெக்கப்பட்டது போதும். இந்தப் பக்கம் வாங்க."

"இரும்மா." அவனுடைய குரல். அவனுடைய தயக்கம். "உன் முகத்துல முழிக்கக் கூச்சமா இருக்கு."

போர்வையின் கீழ் விளிம்பு தரைக்கு ஒரு சாண் மேலே ஆடியது. இந்தப் பக்கம் அவளுடைய இரண்டு பாதங்கள். அந்தப் பக்கம் பாதங்கள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு உள்ளங்கைகள். தரையில் ஊன்றி. விரல்கள் விரிந்து. வெளுத்து. தண்ணீரில் ஊறியவை போல. மேலே, போர்வையின் ஈரத்துணியில், அவள் தலை உயரத்தில், ஒரு நிழல்.

கத்தவேண்டும்.

கத்தினால் தெரிந்துவிடும். ஆமா என்று சொன்னது பொய் என்று. மன்னிப்பு வாங்கியது அவன் இல்லை என்று. ஒரு நொடி. ஒரே ஒரு நொடிதான். அந்த நொடியிலும் அவனுக்கு வெட்கம்தான் முதலில் வந்தது.

பிறகு கத்தினான். அவள் பெயரைச் சொல்லி, கதவை இரண்டு கையாலும் அறைந்து, தொண்டை கிழியக் கத்தினான்.

அவள் துள்ளித் திரும்பினாள். கராஜைப் பார்த்தாள். தாழ்ப்பாள் கடகடவென்று ஆடுவதைப் பார்த்தாள். பூட்டிய கதவுக்குள்ளிருந்து தன் கணவனின் குரல் வருவதைக் கேட்டு அவள் முகம் வெளிறிப் போவதை அவன் இடுக்கு வழியே பார்த்தான்.

"ஏங்க..." என்றாள். அவனிடம் இல்லை. கண்ணைக் கராஜ் கதவிலிருந்து எடுக்காமல், ஒரு கையைப் பின்னால் நீட்டித் துழாவிக்கொண்டே, ஒவ்வொரு அடியாகப் போர்வையை நோக்கிப் பின்வாங்கினாள்.

போர்வைக்குக் கீழே, அந்த இரண்டு உள்ளங்கைகளும் மெதுவாகத் தரையை விட்டு எழும்பின.